மைத்துனன் பெயரில் ஒரு கார்

ஜூன் 3, செவ்வாய்

விடியற்காலை முதல் மழை. நீண்ட ஆலோசனைக்குப் பின் இன்று காலை 7.10க்கு முடிவெடுத்தேன்: காரின் இடப்பக்க வைப்பருக்குப் புது ரப்பர். வலப்பக்கத்தது போன வருடமே மாறியது. அவசரக்காரன் என்ற பெயர் வேண்டாம் என்று இடப்பக்கத்துக்கு அவகாசம் கொடுத்திருந்தேன். மனைவி லில்லியிடம் முறையாக அறிவித்தேன். மீன் வெட்டிக்கொண்டிருந்தவள் நிமிரவில்லை.

பாறசாலை, சுகுமாரன் பட்டறை. இரண்டு நிமிட வேலை.

"சாரே, இந்த வண்டிய நம்பிக் கடை போட்டிருந்தா நான் பட்டினியாக்கும். வருசத்துக்கு ஒருக்கா ஆயில் மாத்த வாறீங்க, பின்ன ஆளக் காணல்ல."

வீடு கேரளப் பக்கம், குளத்தூரில். திரும்பியது ஒற்றசேகரமங்கலம் வழி. நேர் எதிர்த்திசை, ஆனால் வளைவுகள் அங்கேதான். வளைவுக்கு முன் மூன்றாம் கியரிலிருந்து இரண்டு, கிளச்சை விட்டதும் ஒரு சின்ன உறுமல், ஆணி அடித்ததுபோல் சாலையைப் பிடித்துக்கொண்டு திரும்பும். பதினைந்து வருடம். வழியில் ஒருநாளும் நின்றதில்லை. எனக்கு வயது 67.

ஜூன் 5, வியாழன்

மழை இல்லை, புழுக்கம். காரின் ஆர்.சி., அதாவது பதிவு, காலம் முடிகிறது. புதுப்பிக்க உரிமையாளர் வேண்டும். உரிமையாளர் நான் அல்ல.

வாங்கும்போது வரி எல்லைக்கு அந்தப் பக்கம், தமிழ்நாட்டில், குறைவு. களியக்காவிளையில் லில்லியின் தம்பி ஜஸ்டின். அவன் பெயர், அவன் விலாசம், தமிழ்நாட்டு நம்பர். பணம் மட்டும் என்னுடையது. எங்கள் பக்கம் இப்படி ஓடும் வண்டிகள் நிறைய உண்டு. அதற்குச் சாமர்த்தியம் என்று பெயர். நெய்யாற்றின்கரை கோர்ட்டில் முப்பது வருடம் பத்திரங்களை அடுக்கியவன் நான். என் காரின் எந்தக் காகிதத்திலும் என் பெயர் இல்லை.

வழியில் கை காட்டும் போலீசாரிடம் பதினைந்து வருடமாக மலையாளத்தில் ஒரே வாக்கியம்: மைத்துனன் வண்டி, இன்று காலையில்தான் எடுத்து வந்தேன்.

காரை ஜஸ்டினிடம் விட்டேன். "அத்தான் ஒண்ணுக்கும் கவலப்படாண்டாம். ரெண்டு நாளு. நானே ஆர்.டி.ஓ. ஆபீஸில காட்டிட்டு கொண்டு வாறேன்."

எழுதிக் கொடுத்தது:
1. ஸ்டார்ட் செய்ததும் அரை நிமிடம் பொறுக்கவும்.
2. ரிவர்ஸ் முதல் தடவை விழாது. கோபப்படக் கூடாது.
3. ஏ.சி. போட்டுக்கொண்டு ஏற்றம் ஏறக் கூடாது.

படிக்காமல் சட்டைப்பையில் வைத்தான். பஸ்ஸில் திரும்பினேன்.

ஜூன் 9, திங்கள்

மழை. இரண்டு நாள் நான்காகிவிட்டது. ஜஸ்டினுக்கு மூன்று ஃபோன். ஒன்றை எடுத்தான். "ஆபீஸில கூட்டம் அத்தான்."

காலி ஷெட்டைப் பெருக்கினேன். தரையில் ஒரு சொட்டு எண்ணெய்க் கறை இல்லை. அவ்வளவு ஒழுக்கமான வண்டி.

குடைக் கம்பி உடைந்தது. நான் கேட்காமலே லில்லி இரண்டு தடவை சாயா தந்தாள்.

ஜூன் 12, வியாழன்

பஸ். களியக்காவிளை. ஜஸ்டின் வீட்டு முற்றத்தில் வெள்ளையாக ஒரு பெரிய புதுக் கார், போனட்டில் மாலையோடு.

"அத்தான் கேறி வாங்க. சாயா குடிங்க."

"எனக்க வண்டி எங்க?"

"எக்ஸ்சேஞ்சில குடுத்தாச்சு. அது இனி ஓடாது அத்தான்."

"எலே, ஓடியாக்கும் இஞ்ச வந்தது!"

தரையைப் பார்த்தபடி சொன்னான்: "ஆர்.சி.யில எனக்க பேராக்குமே."

போலீசார் ஒருவரும் நம்பாத என் வாக்கியத்தை நம்பிய முதல் ஆள்.

"ரெண்டாவது சாவி எனக்க பீரோவில கெடக்கு. ஒத்தச் சாவிய வச்சு எந்தக் கடைக்காரன் வண்டிய எடுத்தான்?"

அவன் போனட்டு மாலையை நேராக்கினான். அவன் மனைவிதான் சொன்னாள். "மைனி ஞாயித்துக்கிழம சர்ச்சில வச்சு தந்தாவ."

மைனி என்றால் லில்லி.

வீட்டில் லில்லி பலாச்சக்கை அரிந்துகொண்டிருந்தாள். கேட்டேன்.

"ஆமா, நான்தான் குடுத்தேன். போன மாசம் ஆரியங்கோட்டுல அந்த ஸ்கூட்டர்க்காரன இடிச்சது மறந்து போச்சா?"

"கண்ணாடி உரசினது."

"ஆளு ஓடையில கெடந்தான்!"

"தானே எழும்பிப் போனானே."

"பதினஞ்சு வருசம் கண்ண மூடி ஜெபம் பண்ணிக்கிட்டாக்கும் அதுல இருந்தேன். நிறுத்துங்கன்னு சொன்னா நிறுத்துத ஆளா நீங்க?"

வளைவுகளில் அவள் கண் மூடுவதை ரசனை என்று எண்ணியிருந்தேன். பழைய நாட்குறிப்புகளில் அப்படியே எழுதியும் இருக்கிறேன்.

என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் நான் சம்மதித்திருக்க மாட்டேன் என்கிறாள். உண்மை. ஆனாலும் பீரோவைத் திறந்து, என் சட்டைகளுக்கு அடியில் கைவிட்டு, சாவியை எடுத்து, பைபிள் பையில் வைத்து, என் பக்கத்திலேயே உட்கார்ந்து பிரசங்கம் கேட்டிருக்கிறாள். நானும் கேட்டேன். எதைப் பற்றி என்று நினைவில்லை.

சாப்பிடவில்லை. பிறகு சாப்பிட்டேன்.

ஜூன் 15, ஞாயிறு

தூறல். 8.30க்கு வாசலில் ஹாரன். ஜஸ்டின், சர்ச்சுக்கு அழைத்துப் போக. லில்லி முன் இருக்கையில். நான் பின்னால், ஜஸ்டினின் மனைவிக்கும் அவள் அம்மாவுக்கும் நடுவில்.