பாவாத்தாள் மோர் மிளகாய்

கொழிஞ்சாம்பாறை,
பங்குனி மாதம், வியாழக்கிழமை.

அன்புள்ள அண்ணாவுக்கு,

தங்கை வனிதா எழுதுவது. இங்கே அப்பாவும் உங்கள் மாப்பிள்ளையும் நானும் நலம். ஷார்ஜாவில் நீங்களும் பவ்யா அண்ணியும் சின்னவன் ஆதர்ஷும் நலமாக இருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். அப்படி நினைக்க இந்தத் தடவை கொஞ்சம் சிரமப்பட்டேன் என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

கையில் போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பீர்கள். போனில் எழுதினால் பாதி படித்துவிட்டுக் கட்டைவிரல் படத்தைத் தட்டிவிடுவீர்கள். கூப்பிட்டால், லைன் சரியில்லை அம்மிணி, அப்புறம் பேசறேன் என்பீர்கள். உங்கள் லைன் எப்போதெல்லாம் சரியில்லாமல் போகிறது என்று எனக்கு இப்போது நன்றாகத் தெரிந்துவிட்டது. அதனால்தான் துரைசுவாமி மாமா மகன் அஜய் லீவு முடிந்து திரும்பும்போது அவன் கையில் இதைக் கொடுத்து அனுப்புகிறேன். உறைக்குள் என்ன இருக்கிறது என்று அவனுக்குத் தெரியாது. அவனிடம் எதுவும் கேட்காதீர்கள். ஒரு சாயா கொடுத்து அனுப்புங்கள், பாவம்.

ஊரில் வெயில் சாத்துகிறது. கணவாய்க் காற்று இந்த வருஷம் மாசி முடிந்தும் நிற்கவில்லை. அப்பாவுக்கு முட்டி வலி அப்படியே இருக்கிறது. பொள்ளாச்சி வைத்தியரிடம் போகலாம் என்றால், பஸ்ஸில் ஏறும் வலிக்கு இந்த வலியே மேல் என்கிறார். உங்கள் மாப்பிள்ளைக்கு இன்னும் அதே கண்டக்டர் வேலைதான், அதே பொள்ளாச்சி ரூட்தான். இந்தக் கடிதம் எழுதுவது அவருக்குத் தெரியாது. தெரிந்தால் பஸ்ஸை நேராக ஏர்போர்ட்டுக்கே விடச் சொல்வார்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். மாசியில் அஜய் லீவில் வந்தபோது நம் வளவில் வீட்டுக்கு வீடு ஒரு பாக்கெட் கொடுத்தான். என்னிடம் நீட்டும்போது அவனுக்கு வாயெல்லாம் பல். ஏனுங்கக்கா, நம்மூட்டுச் சரக்கு அங்க கடையிலேயே கிடைக்குதுங்க, சொல்லவே இல்லீங்களே என்று கேட்டான். மேலே தமிழிலும் இங்கிலீஷிலும் அரபியிலும் பாவாத்தாள் மோர் மிளகாய் என்று அச்சடித்திருந்தது. அம்மா பெயரை அரபி எழுத்தில் பார்த்ததும் எனக்கு முதலில் என்ன தோன்றியது தெரியுமா? சந்தோஷம்தான் அண்ணா. ஒரு நிமிஷம் சந்தோஷப்பட்டுவிட்டேன். அதை நினைத்தால்தான் இப்போது ரொம்ப ஆத்திரமாக வருகிறது.

பிறகு பாக்கெட்டைத் திருப்பினேன். தயாரித்த இடம் பொள்ளாச்சி என்று இருந்தது. பிரித்துப் பார்த்தால், மிளகாய் என்னுடையதைப் போலவே நுனியில் கீறியிருந்தது. பாலக்காட்டில் எல்லோரும் நடுவில்தான் கீறுவார்கள். நடுவில் கீறினால் விதை மோரில் கொட்டிப்போகிறது என்று நுனிக்கு மாற்றியது நான். அதை எங்கள் மொட்டை மாடியில், ஆனந்தியும் மற்றப் பெண்களும் வேலை செய்துகொண்டிருக்கும்போது, போனில் படம் பிடித்துக்கொண்டு போனது நீங்கள். ஷார்ஜாவில் சரக்கு வாங்குகிறவருக்குக் காட்ட வேண்டும் என்றீர்கள். ஆனந்தி படத்தில் நன்றாகத் தெரிய வேண்டும் என்று தலையெல்லாம் சீவிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள்.

எண்ணெயில் போட்டு எடுத்தேன். மோர் வாசமே இல்லை, ஏதோ புளிப்புத் தூள். ராத்திரி மோரில் ஊறி, பகலில் காய்ந்து, மறுபடி மோருக்குப் போய், அப்படி மோர் முழுக்க மிளகாய்க்குள் இறங்க வேண்டும். அதற்குப் பொறுமை இல்லாதவர்கள் செய்தது. திருடியதுதான் திருடினீர்கள், ஒழுங்காகவாவது திருடியிருக்கலாமே?

ஆனால் அன்றைக்கு நான் உங்கள்மேல் சந்தேகப்படவில்லை. பொள்ளாச்சிக்காரன் எவனோ நம் இரண்டு பேரையும் ஏமாற்றிவிட்டான் என்றுதான் நினைத்தேன். அண்ணன் பாவம், நம்பி எவனிடமோ படத்தைக் காட்டியிருக்கிறார் என்று அடித்துச் சொன்னேன். ஆனந்திதான் நம்பாமல் என்னைப் பார்த்தாள். அவளிடம் சண்டைகூடப் போட்டேன்.

மார்கழியில் நீங்கள் கூப்பிட்டது நினைவிருக்கிறதா? மாதிரிக்குக் கொண்டுபோன மிளகாய் பரிசோதனையில் தேறவில்லை, ஈரம் அதிகம், இந்த வருஷம் ஏற்றுமதியை மறந்துவிடு அம்மிணி என்றீர்கள். அந்த வறட்டுக் கணவாய்க் காற்றில் எங்களுக்கு உதடே வெடித்துக் கிடந்தது. மிளகாயில் ஈரம் எங்கிருந்து வரும் என்று ஒரு வார்த்தை கேட்கத் தோன்றவில்லை எனக்கு. தை முழுக்கத் திரும்பத் திரும்பக் காயவைத்தோம். கையில் எடுத்தால் அப்பளம் போல நொறுங்கும் வரை காயவைத்தோம். உங்களிடம் சொன்னபோது, நல்லது, அடுத்த வருஷம் பார்க்கலாம் என்றீர்கள். அப்போது உங்கள் சரக்கு கப்பலில் போய்க்கொண்டிருந்திருக்கிறது.

உங்களுக்காகச் சண்டை போடத்தான் பாலக்காட்டுத் தொழில் ஆபீசுக்குப் போனேன். அந்தப் பொள்ளாச்சிக்காரன்மேல் எங்கே புகார் கொடுப்பது என்று கேட்டேன். ஜிஸ்மி என்று ஒரு பெண் அதிகாரி. நம் சித்தூரில் ஏற்றுமதி வகுப்பு எடுக்க வந்த அதே பெண்தான். என் மலையாளத்தைக் கேட்டுவிட்டு, தமிழிலேயே சொல்லுங்கள் சேச்சி, எனக்குப் புரியும் என்றாள். முழுக்கச் சொன்னேன். பரிசோதனை ரிப்போர்ட் எங்கே என்று கேட்டாள். அண்ணனிடம் இருக்கும் என்றேன். ஏற்றுமதிக் குறியீட்டு எண் யார் பேரில் இருக்கிறது என்று கேட்டாள். வெளிநாட்டில் குடியிருப்பு உள்ளவர் பேரில்தானே கொடுப்பார்கள், அதனால் அண்ணன் பேரில் என்றேன்.

ஜிஸ்மி பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். சேச்சி, உங்கள் பேரில், உங்கள் பான் கார்டை வைத்து, வீட்டிலிருந்தே வாங்கலாம் என்று நான்தானே சித்தூரில் சொன்னேன், நீங்கள் முன் வரிசையில்தானே இருந்தீர்கள் என்றாள்.

ஆமாம், முன் வரிசையில்தான் இருந்தேன். பக்கத்தில் நீங்கள் இருந்தீர்கள்.

நம் ஊர்க்காரர்களுக்கு ஒரு கோளாறு இருக்கிறது அண்ணா. தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள் நாம். சந்தை மலையாளம் சரளமாக வரும், ஆபீஸ் மலையாளம் என்றால் தொண்டை அடைத்துக்கொள்ளும். அங்கே போய்க் கேட்டுச் சிரிப்பார்களோ என்ற கூச்சத்தில், கவர்மெண்ட் கதவைத் தட்டாமல் நமக்கு ஆள் யார் இருக்கிறார் என்று தேடுவோம். எனக்கு ஆள் தேட வேண்டிய வேலையே இல்லை. சித்தூர் காலேஜில் படித்த அண்ணன், மலையாளம் எழுதப் படிக்கத் தெரிந்த அண்ணன், தீபாவளி லீவில் வந்திருக்கிறார். ஜிஸ்மி பேசப் பேச நீங்கள் என் காதில் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தீர்கள். எண் என் பேரில் கிடைக்காது என்றீர்கள். வாங்குகிறவர் பெண்களோடு நேரில் பேசமாட்டார் என்றீர்கள். பெயரைப் பதிவது பெரிய தலைவலி, அதை என்னிடம் விட்டுவிடு என்றீர்கள். நீங்கள் இருக்கிறீர்களே என்று நான் அந்தப் பெண் பேசியதைக் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. உண்மை எல்லாம் அந்த ஹாலில் மைக் வைத்துச் சொல்லியிருக்கிறார்கள். நான் அண்ணன் பக்கம் தலையைச் சாய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறேன்.

பெயர் யாருடையது என்று பார்த்துவிடலாம் என்று ஜிஸ்மி கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினாள். அது இங்கிலீஷில் இருந்தது. அதைக் கூட்டிப் படிக்க எனக்கு யாரும் பக்கத்தில் உட்கார வேண்டியதில்லை. பாவாத்தாள் என்ற பெயர், கீழே உரிமையாளர் என்று உங்கள் பெயர், பொள்ளாச்சி விலாசம். நான் புகார் கொடுக்க வந்த ஆளே நீங்கள்தான். ஜிஸ்மி தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். அண்ணன்தானா சேச்சி என்று கேட்டாள். ஒரே வயிற்றில் பிறந்த அண்ணன் என்றேன். திரும்பி வரும் பஸ்ஸில் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதேன். யாரோ செத்துவிட்டார்கள் என்று நினைத்துப் பக்கத்தில் இருந்த பெண்மணி இடம்விட்டு நகர்ந்து உட்கார்ந்தார்.

நீங்கள் கேட்டிருந்தால் கொடுத்திருப்பேன் அண்ணா. அங்கே கடையில் ஸ்டோர்கீப்பராக நின்று நின்று கால் வீங்குகிறது, எனக்கும் சொந்தமாக ஒரு தொழில் வேண்டும் அம்மிணி என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், சேர்ந்தே செய்திருக்கலாம். இங்கே நான், அங்கே நீங்கள், எவ்வளவு நன்றாக இருந்திருக்கும். பங்கு கேட்பதற்கு வெட்கமாக இருந்ததா, அல்லது பங்கே கொடுக்க வேண்டாம் என்று நினைத்தீர்களா, அது எனக்குத் தெரியவில்லை. எதுவாக இருந்தாலும் அடுத்தவன் செய்திருந்தால் போடா என்று விட்டிருப்பேன்.

அப்புறம் நடந்ததையும் கேட்டுக்கொள்ளுங்கள். ஏற்றுமதி எண் என் பேரில் வாங்கிவிட்டேன். நீங்கள் கிடைக்காது என்ற அந்த எண்ணுக்கு ஒரு வாரம்கூட ஆகவில்லை. மிளகாயைப் பரிசோதனைக்கு அனுப்பினோம், ஈரம் சரியாக இருக்கிறது என்று ரிப்போர்ட் வந்தது. கொச்சியில் வெளிநாட்டுக்காரர்கள் நேரில் வந்து சரக்குப் பார்க்கும் கூட்டத்துக்கு ஜிஸ்மி என்னையும் ஆனந்தியையும் அனுப்பினாள். மஸ்கட்காரர் ஒருவர் தயிர்சோற்றோடு எங்கள் மிளகாயைக் கடித்துவிட்டு, மறுபடியும் கை நீட்டினார். என்னோடு நேராகத்தான் பேசினார். பெண்களோடு பேசமாட்டார்கள் என்று நீங்கள் சொன்னது மஸ்கட்டுக்குப் பொருந்தாது போலிருக்கிறது.

முதல் சரக்கு விஷு கழிந்து போக வேண்டும். அதற்கு முன்னால் லேபிள் அச்சுக்குப் போக வேண்டும். எல்லாம் தயார், பெயர் இருக்க வேண்டிய இடம் மட்டும் வெறுமையாக இருக்கிறது. பாவாத்தாள் என்று போட முடியாது, அது உங்களுடையது. நம் அம்மா பெயரை நான் போட்டால் அது திருட்டு என்று சட்டம் சொல்கிறதாம். பெயரை என் பேருக்கு மாற்றி நீங்கள் ஒரு கையெழுத்துப் போட்டால் போதும் என்று ஜிஸ்மி சொன்னாள். வழக்குப் போடவும் வழி இருக்கிறது என்றாள். வேண்டாம் என்று வந்துவிட்டேன். அண்ணனும் தங்கையும் அம்மா பெயருக்காகக் கோர்ட்டில் நிற்பதைப் பார்க்க அப்பாவுக்கு உடம்பில் தெம்பில்லை.

அப்பாவுக்கு ஒன்றும் தெரியாது. அஜய் அவருக்கென்று தனியாகக் கொடுத்த பாக்கெட்டை அவர் பிரிக்கவில்லை. அம்மா படத்துக்குக் கீழே நிறுத்தி வைத்திருக்கிறார். கள் இறக்க வருகிறவர், கேஸ் கொண்டுவருகிறவர், யார் வந்தாலும் அதை எடுத்துக் காட்டுகிறார். எம்பையனும் புள்ளையும் ஒண்ணாச் சேந்து அவங்கம்மாவெ துபாய் வரைக்கும் கொண்டுபோயிட்டாங்க பாருங்க என்கிறார். நீங்கள் இருப்பது ஷார்ஜாதான் என்றாலும் அவருக்கு எல்லாமே துபாய். நான் பக்கத்தில் நின்று சிரிக்கிறேன். ஒவ்வொரு தடவையும் சிரிக்கிறேன். அது எப்படி இருக்கிறது என்று உங்களுக்கு எழுதத் தெரியவில்லை.

பெயரைக் கொடுங்கள் அண்ணா. ஷார்ஜாவில் வேறு பெயர் போட்டு நீங்கள் விற்றுக்கொள்ளுங்கள். நுனியில் கீறியே விற்றுக்கொள்ளுங்கள், அதை நான் கேட்கவே மாட்டேன். அம்மா பெயர் மட்டும் வேண்டும்.

கொடுக்க முடியாது என்றால் வேறு பெயர் போட்டு மஸ்கட்டுக்கு அனுப்பத்தான் போகிறேன், நிறுத்தமாட்டேன். ஆனால் முதல் பாக்கெட்டை அப்பா கையில்தான் கொடுக்க வேண்டும். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எழுத்துக் கூட்டிப் படிப்பார். உங்கம்மா பேரு எங்க அம்மிணி என்று கேட்பார். என்னால் அவரிடம் பொய் சொல்ல முடியாது, உண்மையையும் சொல்ல முடியாது. அதனால் அன்றைக்கு அவர் கேட்கும்போது போனில் உங்களைக் கூப்பிட்டு அவர் காதில் வைத்துவிடுவேன். நீங்களே சொல்லிக்கொள்ளுங்கள்.

அண்ணிக்கும் ஆதர்ஷுக்கும் என் அன்பு. அவர்களுக்கு இதில் ஒரு சம்பந்தமும் இல்லை. நீங்கள் அங்கே நோய் நொடி இல்லாமல் நன்றாக இருக்க வேண்டும். இந்த வரியை எழுத வராமல் பேனாவை மூடிவிட்டேன். மறுபடி திறந்துதான் எழுதுகிறேன். நன்றாக இருங்கள் அண்ணா.

இன்னமும் உங்கள் தங்கையாக இருக்கும்,
வனிதா