பன் தின்றே மெலிந்தவருக்கு

இன்று சாயங்காலம் நாலு மணிக்கு அடுப்பிலிருந்து பன் தட்டை வெளியே இழுத்தேன். வாசனை தெருவைத் தாண்டி எதிர்ச்சாரிக்குப் போயிருக்கும். உங்கள் துண்டுக் கடை இருந்த இடத்தில் இப்போது செல்போன் உறை விற்கிறார்கள். அங்கிருந்து யாரும் எழுந்து வரவில்லை. நீங்கள் இருந்திருந்தால் தட்டு ஆறுவதற்குள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து, "ஏனுங் மாஸ்டரு, பொறந்துருச்சுங்ளா?" என்று பிரசவ அறை வாசலில் நிற்பவர் மாதிரி கேட்டிருப்பீர்கள்.

ஆறு வருஷம் அப்படி வந்தீர்கள். இரண்டு பன், ஒரு டீ, சில நாள் ஒரு பப்ஸும். தின்னத் தின்ன இளைத்தீர்கள். கடைக்கு வருகிறவர்கள் உங்களைப் பார்த்துவிட்டு என் பன்னைச் சந்தேகமாகப் பார்ப்பார்கள். எனக்குப் பெரிய மானக்கேடு. "இன்னொண்ணு சாப்பிடுங்க" என்று ஊட்டாத குறையாகத் திணித்தேன். நீங்களும் மறுத்ததில்லை. வயிறு உப்பிக்கொள்ளும், முகம் வெளுத்துக்கொண்டே போனது. இரும்புச்சத்து மாத்திரையை அட்டை அட்டையாக விழுங்கினீர்கள். ரத்தம் மட்டும் ஏறவில்லை.

ஒரு நாள் என் கடை பெஞ்சிலேயே மயங்கிச் சரிந்தீர்கள். அதன்பிறகுதான் பெரிய டாக்டரம்மாவிடம் போனோம். ரத்தம் எடுத்தார்கள், வாய் வழியே குழாய் விட்டுக் குடலிலிருந்து துணுக்கு எடுத்தார்கள். முடிவு சொன்ன அன்று நானும் கூட இருந்தேன்.

"வாயில மெல்றது இரைப்பையில கூழாகுதுங்க. சிறுகுடலுக்கு வந்ததும் பித்தநீரும் கணையநீரும் சேர்ந்து அதை இன்னும் பொடிசா உடைக்குது. அப்புறந்தான் சத்து ரத்தத்துல சேரும். குடலோட உள்பக்கம் பொடிப்பொடியா விரல் மாதிரி நீட்டிட்டு இருக்கும். அதுக உறிஞ்சினாத்தான் உண்டு" என்றார் டாக்டர்.

நான் புரிந்த மாதிரி தலையாட்டினேன். நீங்கள், "நூல் நூலா நீட்டிட்டு நிக்குமே, அந்த டர்க்கி துண்டு மாதிரிங்ளா?" என்றீர்கள்.

அவர் ஒரு கணம் விழித்துவிட்டுச் சிரித்தார். "ஆமாங்க. உங்களுக்கு அந்த நூலெல்லாம் தேஞ்சு மொழுக்குனு ஆயிருச்சு. அதுல துடைச்சா ஈரம் போகுமா?"

"போகாதுங்க. அந்தச் சரக்கை நானே திருப்பி அனுப்பிருவேன்."

"கோதுமையில இருக்கிற ஒரு புரதம் உங்களுக்கு ஒத்துக்கல. அது உள்ள போனா உங்க உடம்பே குடலைத் தாக்குது. இனி கோதுமை, மைதா, ரவை எதுவும் ஆகாது. ஆயுசுக்கும்."

நீங்கள் டாக்டரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தீர்கள். நான் மின்விசிறியைப் பார்த்தேன். ஆட்டோவில் திரும்பும்போது, "அப்ப ஆறு வருசமா என்னைக் கொன்னுட்டு இருந்தது நீங்கதானுங்ளா?" என்று கேட்டுவிட்டு அடக்கமுடியாமல் சிரித்தீர்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பன் நின்றது. என் கடைக் காற்றிலேயே மைதா பறக்கும் என்று பயந்து, டீயைக்கூட வாசலில் நின்று, வீட்டு டம்ளரில் குடித்தீர்கள். மூன்று மாதம் ஆயிற்று. வயிறு அடங்கவில்லை. ஒரு காலையில் உங்கள் மனைவி கடைக்கே வந்துவிட்டார்.

"மாஸ்டருங்க, உங்க புள்ளைங்க மேல சத்தியமாச் சொல்லுங்க. இவருக்கு ஒளிச்சு வெச்சுப் பன்னு குடுக்கறீங்ளா?"

டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் திரும்பினார்கள்.

"சத்தியமா இல்லீங்கக்கா."

"பின்ன எப்படிங்க? ஊட்டுல சோறும் ரசமுந்தானுங்க போடறேன்."

உண்மையைச் சொல்லிவிடுகிறேன், நானும் உங்களைச் சந்தேகப்பட்டேன். எனக்குத் தெரியாமல் வேறு பேக்கரிக்குப் போகிறீர்களோ என்று. உங்கள் நோயைவிட அந்த நினைப்புத்தான் என்னை அதிகம் வாட்டியது.

அன்றே அக்காவோடு உங்கள் வீட்டுக்கு வந்து, சமையலறையில் இருந்த ஒவ்வொரு டப்பாவையும் கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தேன். மிளகாய்ப்பொடி சரி. மல்லிப்பொடி சரி. பெருங்காய டப்பாவின் பின்பக்கம், எறும்பு எழுத்தில்: மைதா.

"கெடச்சிருச்சுங்கக்கா!" என்று கத்தினேன். அக்கா டப்பாவை வாங்கிப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார். "இந்த மனுசனுக்கு வாயு புடிச்சுக்குதேன்னு தெனமும் ரெண்டு சிட்டிகை சேத்திப் போட்டனேங்க!"

நீங்கள் கட்டிலில் உட்கார்ந்தபடி, "கொலைகாரங்க ரெண்டு பேருங்க போலிருக்கு" என்றீர்கள்.

டப்பா குப்பைக்குப் போனது. அப்புறம் நீங்கள் தேறியதை ஊரே பார்த்தது. முகத்தில் ரத்தம் வந்தது. சட்டைப் பொத்தான் போட முடியவில்லை என்று என்னிடம் வந்து பெருமையாகக் குறைபட்டுக்கொண்டீர்கள். வாடிக்கையாளர்களிடம் துண்டை விரித்துக் காட்டி, குடல் எப்படிச் சத்தை உறிஞ்சுகிறது என்று வகுப்பே எடுத்தீர்கள். பாதிப் பேர் துண்டு வாங்காமல் ஓடினார்கள்.

போன வருஷம் நெஞ்சு வலி வந்து இரண்டே நாளில் போய்விட்டீர்கள். வயிற்றுக்கும் இதற்கும் சம்பந்தமில்லைதானே என்று டாக்டரிடம் இரண்டு முறை கேட்டுக்கொண்டேன். துக்கத்துக்கு வந்தவர்கள், "நல்லாத் தேறியிருந்தாருங்களே" என்றார்கள். அந்த அழுகையிலும் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்தது.

இப்போது ஒல்லியாக யார் வந்து பன் கேட்டாலும் வாய் சும்மா இருப்பதில்லை. போன வாரம் ஒரு கல்லூரிப் பெண்ணிடம், "வயிறு உப்புதுங்களா அம்மணி? ரத்தம் பாத்தீங்ளா?" என்று கேட்டேன். என் மனைவி உள்ளேயிருந்து, "பேக்கரி நடத்தறீங்ளா, ஆஸ்பத்திரி நடத்தறீங்ளா?" என்று சத்தம் போட்டாள். அந்தப் பெண் பயந்துபோய்ப் பரிசோதனை செய்துகொண்டு நேற்று வந்தாள். "ஒண்ணுமில்லையாமுங்க. ஹாஸ்டல் சோறு சரியில்லாததுதானாமுங்க" என்று சொல்லிவிட்டு இரண்டு பப்ஸ் வாங்கிப் போனாள்.

எல்லாரும் சிரித்தார்கள். சிரிக்கட்டும். நான் கேட்பதை நிறுத்தப்போவதில்லை. ஆறு வருஷம் தினமும் உங்கள் கையில் தட்டைக் கொடுத்தேன். உடம்புக்கு என்னங்க என்று ஒரு நாள்கூடக் கேட்கவில்லை.