உக்காத பலகை

12.8.1966, வெள்ளி

பேராசிரியரின் நல்ல பாய்ப்படகை உக்கினது, மரம் உளுத்தது என்று பொய் சொல்லி இன்று வாங்கினேன்.

பழைய பானை ஓடுகளையும் கற்களையும் தோண்டி ஆராய்கிற மனிதர். முழங்கால் நோவால் இனிக் கடலுக்குப் போக ஏலாது என்று படகை விற்கிறார். நான் அடிப்பலகையைத் தட்டி முகத்தைச் சுளித்தேன்.

"சேர், உள்ளுக்க உக்கிப் போச்சு."

எந்தச் சாமானுக்கும் நான் இப்படித்தான் விலை கேட்பேன். விற்கிறவன் "உமக்குக் கண் தெரியாதோ?" என்று சீறுவான். பிறகு இரண்டு பேரும் நடுவில் ஒரு விலைக்கு வருவோம். இவர் சீறவில்லை. அப்படியே கதிரையில் இருந்துவிட்டார்.

"பானை ஓடு ஒண்டைத் தந்தால் அதின்ர வயசைச் சொல்லுவன். மரம் உங்களுக்குத்தான் தெரியும், முதலாளி," என்றார். பிறகு அடிப்பலகையைப் பார்த்தார். "போன மாசமும் என்ர மாணவரை இதில ஏத்திக்கொண்டு இலங்கைத்துறைக்குப் போனனான். ஏதும் நடந்திருந்தால் தாய் தகப்பனுக்கு என்னத்தைச் சொல்லியிருப்பன்?"

விலை குறைக்கச் சொன்ன கதை என்று சொல்ல வாய்வரை வந்தது. சொன்னால் இந்த ஊரில் பிறகு யார் என் பேச்சை நம்புவார்கள்? விழுங்கிவிட்டேன்.

"பலகை மாத்தினால் ஓடும், சேர்."

"வேண்டாம். இன்னொருத்தன் இதில சாகக் கூடாது."

நான் கை கொடுத்து ஒப்புக்கொண்டது இதுதான்: விறகு விலை, நாற்பது ரூபாய். நாளைக் காலையில் அவர் பார்த்துக்கொண்டிருக்க, படகை நானே கோடரியால் பிளக்க வேண்டும்.