ஆரணிக்காரர்கள் வர வேண்டாம்

எட்டு நாளாக லோகநாதனோடு மகள் ரத்னா பேசவில்லை. அவளுடைய ஹாக்கி டீம் தேர்வு நடக்கும் ஞாயிற்றுக்கிழமையிலேயே, ஆரணியிலிருந்து மாப்பிள்ளை வீட்டாரைப் பெண் பார்க்க வரச் சொல்லிவிட்டார் என்று கோபம். நேற்று கும்மிடிப்பூண்டி கம்பெனியில் ஷிப்டு முடிந்ததும் அவர் அவளுடைய விளையாட்டு டீச்சரைப் போய்ப் பார்த்தார். இன்று காலை அவள் பயிற்சிக்குப் போயிருந்த நேரத்தில், 1974 ஜனவரி காலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுதினார்:

“ரத்னா, கூழு சட்டியில கீது. மீன் கொழம்பை சுட வச்சிக்கோ. நேத்து உன் டீச்சரைப் பாத்தேன். ‘ஆட்டம் ஆடிட்டு அப்பால பொண்ணு இன்னாம்மா பண்ணும்?’னு கேட்டேன். ஜில்லா டீம்ல சேந்தா காலேஜ்ல சீட்டு, ஆஸ்டலு, அப்பால ட்ரெயினிங் முடிச்சா நீயும் டீச்சராமே! இதை ஏன் எங்கிட்ட சொல்லல? நான் எங்க உன்னைப் பேச உட்டேன்? இப்பதான் மனசு லேசாச்சு. இன்னிக்கு லீவு போட்டுட்டு ஆரணிக்குப் போறேன். அவங்களை வர வேணாம்னு நானே சொல்லிட்டு வரேன். உங்க அம்மா கேட்டா நீ வாயைத் தொறக்காத, நான் வந்து சொல்லிக்கிறேன். — நைனா.”

மடித்தவர் மறுபடியும் பிரித்தார். அடியில் மிச்சமிருந்த விரலளவு இடத்தில் நெருக்கி எழுதினார்: “ஞாயித்துக்கெழம நானும் வரேன். தூரமாதான் நிப்பேன்.”