‘போதும்’ சொல்கிறவன்

பிப்ரவரி 9

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். போனில் பேசினால் நீ இரண்டே நிமிடத்தில் என்னைச் சிரிக்க வைத்துவிடுகிறாய். போனை வைத்த பிறகுதான், கேட்க வந்ததைக் கேட்கவே இல்லை என்று உறைக்கிறது. அதனால் இனி நமக்குள் கடிதம்தான். பதில் போடாமல் டிமிக்கி கொடுத்தால் தெரியும் சேதி.

நீ சேனல்காரர்களோடு கிளம்பிப் போனதிலிருந்து குளம் வெறிச்சோடிக் கிடக்கிறது. தண்ணீர் இல்லாத நீச்சல் குளத்தில் ரோபோக்களை மோதவிட்டு, விளிம்பில் கால் தொங்கப்போட்டு உட்கார்ந்து கத்திக்கொண்டிருந்தோம். அதைப் போய் ஒரு சேனல் மொத்தமாக எடுத்துக்கொள்ளும் என்று யார் கண்டது? நாம் வைத்த பெயரையும் சேர்த்து எடுத்துக்கொண்டார்கள். எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான். உன் அத்தான் மட்டும், "அவன் கத்துற கத்தலுக்கு ஒருநாள் டிவியில வருவான்னு நான் அப்பவே சொன்னேன்ல" என்று தெருவெல்லாம் பெருமை அடித்துக்கொண்டிருக்கிறார்.

என்னையும் குளத்தில் நம்மோடு ரோபோ விடும் பல் டாக்டரையும் போட்டிக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். பெரியப்பாவுக்கு முன்பக்கத் தகட்டை மாற்றிவிட்டேன். (நம் பெரியப்பாவை அல்ல, என் ரோபோவைச் சொல்கிறேன். ஆனால் தொப்பை என்னவோ அவருடையதேதான்.) வேலைக்குப் போன கட்டடத்தில் கழித்துப்போட்ட லிஃப்ட் கதவு மோட்டார் ஒன்று கிடைத்தது. அதைப் போட்டதும் சுத்தியல் நன்றாக ஓங்கி இறங்குகிறது.

ஒன்று கேட்க வேண்டும். நம் வழக்கம் அங்கேயும் உண்டுதானே? தோற்கிறவர் ரிமோட்டைத் தலைக்கு மேல் தூக்குவார், நீ மைக்கில் "போதும்" என்பாய், இரண்டு பேரும் ரிமோட்டைத் தரையில் வைத்துவிடுவோம். அந்த இரைச்சலில் உன் குரல் ஒன்றுதான் எங்களுக்குக் கேட்கும். அதை நம்பித்தான் பெரியப்பாவைக் கூட்டிக்கொண்டு வருகிறேன்.

அன்புடன்,
அக்கா


பிப்ரவரி 20

என் அருமை அக்காவுக்கு,

கடிதம் எழுதச் சொல்லித் தண்டனை கொடுத்துவிட்டாய். பேனா பிடித்துக் கை வலிக்கிறது, அத்தானிடம் சொல்.

இங்கே எல்லாம் தடபுடல். குளத்துக்குப் பதில் கண்ணாடிக் கூண்டு. எனக்குத் தினமும் முகத்தில் பவுடர் அப்புகிறார்கள், உன் கல்யாணத்துக்குக்கூட நான் இப்படிப் பூசிக்கொண்டது இல்லை. காதுக்குள் பட்டாணி அளவில் ஒன்றைச் செருகிவிட்டிருக்கிறார்கள். அதன் வழியாக டைரக்டர் என்னோடு ஓயாமல் பேசிக்கொண்டே இருப்பார். ஆள் தங்கமானவர். என் ஜோக்குக்கு முதலில் சிரிக்கிறவர் அவர்தான்.

உன் கேள்விக்கு வருகிறேன். "போதும்" இங்கேயும் உண்டு. ஆனால் கை தூக்கியதும் சொல்லிவிட வேண்டாம் என்கிறார். "ரெண்டு மூச்சு விட்டுச் சொல்லுங்க சார், ஜனங்க நல்லா பாக்கட்டும்." இரண்டு மூச்சு, அவ்வளவுதான். அதில் என்ன குடி முழுகிவிடப் போகிறது? உனக்குப் பயமே வேண்டாம். உன் கை எழும்புவது என் கண்ணில் படாமலா போகும்? சின்ன வயதில் அந்தக் கையால் எத்தனை அடி வாங்கியிருக்கிறேன்!

சீக்கிரம் வா. உனக்காகவே ஒரு ஜோக் தயார் செய்து வைத்திருக்கிறேன்.

உன் செல்லத் தம்பி


மார்ச் 18

தம்பிக்கு,

வீடு வந்து சேர்ந்தோம். உன்னிடம் சொல்லிக்கொள்ளாமல் வந்ததற்கு அத்தான் என்னைத் திட்டிக்கொண்டே வந்தார்.

முதல் சுற்றில் பல் டாக்டரை ஜெயித்தபோது நீ மேடையில் குதித்தது கண்ணிலேயே நிற்கிறது. அதைப் பற்றி இப்போது எழுத வரவில்லை. இரண்டாவது சுற்றைப் பற்றித்தான் கேட்க வேண்டும்.

சாணைச் சக்கரம் வைத்த அந்த ரோபோ பெரியப்பாவைக் கவிழ்த்துப் போட்டதும் நான் ரிமோட்டைத் தூக்கிவிட்டேன். சக்கரம் நாலும் மேலே பார்த்துச் சுற்றிக்கொண்டிருந்தன, இனி எழ முடியாது என்று குழந்தைக்குக்கூடத் தெரியும். நீ "போதும்" சொல்லவில்லை. "பெரியப்பா படுத்துட்டார், யாராவது போர்வை கொண்டு வாங்கப்பா!" என்றாய். கூட்டம் சிரித்தது. சாணை திரும்பி வந்து வயிற்றைக் கிழித்தது. மறுபடி வந்தது. நான் கையை இறக்கவே இல்லை, தோள்பட்டை கடுக்கிற வரை தூக்கிக்கொண்டே நின்றேன். பேட்டரி புகைந்து தீப்பிடித்த பிறகுதான் உன் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்தது.

இரண்டு வருஷ வேலை போனது போகட்டும். தகரத்தை வளைக்க எனக்குத் தெரியும், இன்னொன்று செய்துகொள்வேன். நான் கேட்பது ஒன்றுதான். என் கையை நீ பார்த்தாயா, பார்க்கவில்லையா? ஒரே வரியில் பதில் எழுது.

அக்கா


மார்ச் 27

அன்புள்ள அக்காவுக்கு,

பார்க்கவில்லை அக்கா. சத்தியமாகப் பார்க்கவில்லை. அந்த விளக்குகள் எப்படிக் கண்ணைக் கூசும் தெரியுமா? கூண்டுக் கண்ணாடியில் அத்தனையும் பட்டுத் தெறிக்கும். நீ வேறு தூணுக்குப் பக்கத்தில் நின்றிருந்தாய். அன்றைக்கு எனக்குக் காய்ச்சல் மாதிரியும் இருந்தது. பார்த்திருந்தால் சொல்லாமல் இருப்பேனா?

டைரக்டரிடம் பேசினேன். அவருக்கும் ரொம்ப வருத்தம். புது மோட்டார், பேட்டரி எல்லாம் சேனலே அனுப்பிவைக்கும் என்கிறார். போர்வை ஜோக்கை எல்லோரும் வேடிக்கையாகத்தான் எடுத்துக்கொண்டார்கள், நீயும் அப்படியே எடுத்துக்கொள். அத்தானுக்கு ஒரு சட்டை வாங்கி வைத்திருக்கிறேன், நீல நிறம், அவருக்கு எடுப்பாக இருக்கும்.

கோபித்துக்கொள்ளாதே.

உன் தம்பி


ஏப்ரல் 16

தம்பிக்கு,

ஒரு வரி கேட்டேன். நீ ஒரு பக்கம் எழுதியிருந்தாய். அப்போதே எனக்குப் பாதி விளங்கிவிட்டது.

நேற்று டிவியில் போட்டார்கள். அத்தான் தெருவையே கூட்டி வைத்திருந்தார், மாடிப்படி வரைக்கும் ஆட்கள். நான் கை தூக்கியது எங்கேயும் வரவில்லை. அதை வெட்டிவிட்டார்கள். பார்த்தவர்களுக்கு, நான் வீம்புக்கு விட்டுக்கொடுக்காமல் ரோபோவைக் கொளுத்திக்கொண்டது போலத்தான் தெரிந்திருக்கும். எதிர்வீட்டு டீச்சர் என்னிடமே கேட்டுவிட்டார், "முன்னாடியே கையைத் தூக்கியிருக்கலாமே?" எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. சமையலறைக்குள் போய்க் கழுவின பாத்திரத்தையே திரும்பக் கழுவிக்கொண்டிருந்தேன்.

என் கையை வெட்டினார்கள், உன் முகத்தை வெட்ட மறந்துவிட்டார்கள். போர்வை ஜோக்குக்கு முன்னால் நீ நேராக என்னைத்தான் பார்க்கிறாய். பார்த்துவிட்டுக் காதைத் தொடுகிறாய். அந்த இடத்தில் உன் முகம் அழப்போகிற முகம்டா. உன்னைத் தூக்கி வளர்த்தவளுக்கு அது தெரியாதா?

உன்னை மட்டும் குற்றம் சொல்லி முடித்துவிட்டால் எனக்குச் சௌகரியம்தான். ஆனால் அதே நிகழ்ச்சியில் முதல் சுற்றும் வந்தது. பல் டாக்டர் கை தூக்கியதை நான் பார்த்தேன். நீ "போதும்" சொல்லவில்லை. சொல்லவில்லையே, அதனால் தப்பில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு சுத்தியலை இன்னும் மூன்று தடவை இறக்கினேன். கேமரா என் பக்கம் திரும்பியிருந்தது, எனக்கும் குஷியாக இருந்தது. நம் குளத்தில் ஒருநாளாவது அப்படிச் செய்திருப்பேனா? நினைத்தால் உடம்பு கூசுகிறது.

மன்னிப்புக் கேட்கலாம் என்று இன்று காலை அவர் கிளினிக்குக்குப் போனேன். பல்வலி என்று பொய் சொல்லித்தான் உள்ளே நுழைய முடிந்தது. வாயைப் பிளந்து வைத்துக்கொண்டு எப்படி மன்னிப்புக் கேட்பது? ஏதோ உளறினேன். அவர், "முதல்ல கொப்பளிங்க, அப்புறம் பேசலாம்" என்றார். கொப்பளித்துவிட்டு அழுதேன். அவர் தோளைத் தட்டிக்கொடுத்தார்.

சேனல் அனுப்பிய பெட்டியைப் பிரிக்காமல் திருப்பி அனுப்பிவிட்டேன்.

அக்கா


ஜூன் 2

அக்காவுக்கு,

இத்தனை நாள் எழுதாததற்குக் காரணம், எழுதினால் உண்மையை எழுத வேண்டுமே என்பதுதான்.

பார்த்தேன் அக்கா. கை எழும்பும்போதே பார்த்தேன். காதுக்குள், "இருங்க, இருங்க, இன்னும் கொஞ்சம், பிரமாதமா வருது" என்றார். உன் தோள் நடுங்கியதும் தெரிந்தது. வாய் வரை வந்த வார்த்தையை விழுங்கிவிட்டு அந்த ஜோக்கைச் சொன்னேன். கூட்டம் சிரித்ததும், அந்த ஒரு நொடி, எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. பெற்ற தாயைப் போல் என்னை வளர்த்தவளை நாலு பேர் சிரிப்புக்காக நிற்க வைத்துவிட்டேன். அதோடு நிற்காமல் சத்தியம் வேறு செய்தேன்.

அதன் பிறகாவது மானரோஷத்தோடு வெளியே வந்தேனா என்றால், அதுவும் இல்லை. மிச்சம் இருந்த எல்லாச் சுற்றிலும் சொன்ன நேரத்துக்குத்தான் வாயைத் திறந்தேன். போன வாரம் அவர்களே என்னை நிறுத்திவிட்டார்கள். அடுத்த வருஷத்துக்கு ஒரு நடிகை வருகிறாராம். நானாகவே விட்டுவிட்டேன் என்று அத்தானிடம் சொல்லலாம் என்று பார்த்தேன். உனக்கு இன்னொரு பொய் எழுதக் கை வரவில்லை.

நீங்கள் மறுபடி குளத்தில் கூடுகிறீர்கள் என்று பல் டாக்டர் சொன்னார். நான் வரட்டுமா? பழைய மைக் உன்னிடம்தானே இருக்கிறது?

தம்பி


ஜூன் 11

அன்புத் தம்பிக்கு,

உன் கடிதத்தை அத்தானிடம் காட்டவில்லை. நீயாக அவரிடம் சொல்ல வேண்டும். நீலச் சட்டையை மறக்காமல் எடுத்து வா, ஆசையாகக் காத்திருக்கிறார்.

வா என்றுதான் எழுதுகிறேன். உன் மேல் இருக்கிற கோபம் இன்னும் தீரவில்லை, அதற்காக வீட்டுக்கு வராதே என்று சொல்ல எனக்கு மனசு வராது. உன் அறையில் பெரியப்பாவின் எலும்புக்கூடு கிடக்கிறது. இரண்டு பேருமாக ஒதுக்கிவிட்டுப் படுக்கை போட்டுக்கொள்ளலாம்.

மைக் என்னிடம்தான் இருக்கிறது. துணியில் சுற்றிப் பரண்மேல் போட்டுவிட்டேன், அதை இனி இறக்குவதாக இல்லை. இப்போது குளத்தில் யாரும் "போதும்" சொல்வதில்லை. கை தூக்கியதும் எதிரில் இருக்கிறவரே பார்த்து நிறுத்திவிட வேண்டும். பார்க்கவில்லை என்று சொன்னால் ஆட்டத்தில் சேர்ப்பதில்லை. இந்த யோசனையை நான்தான் சொன்னேன். முதலில் எனக்காகத்தான் சொன்னேன், உனக்காக அல்ல.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் போட்டி. மைக் இல்லாததால் அந்த இரைச்சலில் ஒருவர் பேசுவது இன்னொருவருக்குக் கேட்காது. நீ விளிம்பில் என் பக்கத்தில் உட்கார்ந்துகொள். எல்லோர் கையும் தெரிகிற இடம் அது.

அக்கா