அக்காவின் கல்யாணமும் பிராங்க்பர்ட் வங்கியும்

12.9.2023, செவ்வாய்

வணிகவியல் டீச்சர் கருத்தரங்கத்துக்குத் தலைப்புகளைப் பிரித்துக் கொடுத்தார். காசோலை, கூட்டுறவுச் சங்கம் எல்லாம் முன்வரிசைக்கே தீர்ந்துவிட்டன. எனக்கு மிஞ்சியது அந்நிய நேரடி முதலீடு. நான் வருத்தப்படவில்லை. பிளஸ் ஒன்னில் அதை வீட்டிலேயே வைத்திருப்பவள் நான் ஒருத்திதான். சங்கராபுரம் ரோட்டில் கொரியாக்காரர்கள் கட்டியிருக்கும் ஷூ கம்பெனியில் அம்சவள்ளி அக்கா ஆடியிலிருந்து பயிற்சியில் இருக்கிறாள்.

ஒரு நாட்டுக் கம்பெனி இன்னொரு நாட்டுக்கு வந்து, தானே தொழில் தொடங்கி, தானே நடத்துவதுதான் நேரடி முதலீடு. அக்காவிடம் படித்துக் காட்டினேன்.

"நடத்துறாங்கடி, நல்லாவே நடத்துறாங்க. ஒண்ணுக்குப் போவக்கூட கழுத்துல ஒரு அட்ட மாட்டிக்கினு போவணும்" என்றாள்.

குறித்துக்கொண்டேன். உதாரணத்துக்கு மதிப்பெண் உண்டு.

24.9.2023, ஞாயிறு

பச்சமுத்து மாமா வந்தார். அம்மாவின் தம்பி, கச்சிராயபாளையத்தில் கரும்பு டிராக்டர் ஓட்டுகிறார். அக்கா அவருக்குத்தான் என்று அவள் நடக்கப் பழகும் முன்பே பேசி வைத்துவிட்டார்கள். நடக்கப் பழகிய பிறகு யாரும் அவளைக் கேட்கவில்லை.

"இன்னாக்கா, தையில வெச்சிக்கலாமா வாணாமா? நானும் எத்தினி நாளுதான் சொல்லிக்கினு கெடக்கிறது?"

"வேலை உறுதி ஆவட்டும் மாமா" என்றாள் அக்கா உள்ளே இருந்து.

"கண்ணாலத்துக்கு அப்பறம் இன்னாத்துக்கு வேல? எங்க வூட்ல சோறு இல்லியா?"

"சோத்துக்கா போறேன்?"

அம்மா முறத்தைக் கீழே வைத்தாள். "சும்மா இருங்க ரெண்டு பேரும். தைக்குள்ள கம்பெனிக்காரன் வேலைய உறுதி பண்ணா, இவ இஷ்டம். இல்லன்னா தையில கண்ணாலம். அவ்ளோதான்."

அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு டீக்கடைக்குக் கிளம்பினார். மாமா எனக்கு வெல்லம் கொண்டுவந்திருந்தார். அவர் கெட்டவர் இல்லை. அதுதான் சிக்கல்.

30.9.2023, சனி

விவரம் தெரிந்துவிட்டது. நிரந்தர வேலை இரண்டாவது கட்டடம் முடிந்தால்தான். முதல் கட்டடம் கம்பெனியின் சொந்த முதல். இரண்டாவது, ஜெர்மனியில் பிராங்க்பர்ட் நகரத்து வங்கி ஒன்று கொடுக்கும் கடன். அது தவணையாக வரும். தொழிலாளிகளைப் பாதுகாப்பாக வைத்திருக்கிறார்களா என்று வங்கி ஆள் நேரில் பார்த்த பிறகே அடுத்த தவணை.

ஆகவே அக்காவுக்குத் தையில் கல்யாணமா இல்லையா என்பது பிராங்க்பர்ட்டில் முடிவாகும். இதை அம்மாவிடம் பொறுமையாக விளக்கினேன்.

"அந்த பேங்குக்காரனுக்குப் பொட்டப்புள்ள இருக்குதா?" என்று மட்டும் கேட்டாள்.

21.10.2023, சனி

கம்பெனியில் ஆயுத பூஜை. அக்கா சுண்டலும் பொரியும் கொண்டுவந்தாள். எல்லா மெஷினுக்கும் சந்தனம், குங்குமம். கொரியா மானேஜரும் நெற்றியில் வைத்துக்கொண்டாராம். இனி புதன்கிழமைதான் வேலை. அன்றே வங்கி ஆளும் வருகிறார்.

25.10.2023, புதன்

எப்படி எழுதுவது — வரிசையாகவே எழுதுகிறேன்.

காலையில் முதல் பஸ்ஸில் போனவள் அக்கா. பூஜை கலையாமல் இருந்தது. வாசலில் கோலம், மெஷினில் பொட்டு, மாலை. அக்கா கம்பெனி கொடுத்த ஷூவைப் போட்டுக்கொண்டுதான் போனாள். வீட்டிலிருந்தே போட்டுப் போவார்கள், தெருவெல்லாம் மிதித்து. அதோடு சாமி கும்பிட்ட இடத்தில் எப்படி நுழைவது? கழற்றி வாசலில் வைத்தாள். பின்னால் வந்தவர்களிடம், "பூசை போட்ட எடம்டி, கழட்டி வெச்சிட்டு வாங்க" என்றாள். எல்லோரும் கேட்டார்கள். வாசல் நெடுக ஷூ.

பிறகு மானேஜர் வந்தார். அவர் ஊரில் வீட்டுக்குள் யாரும் ஷூவோடு போவதில்லையாம். வரிசையைப் பார்த்தார். பழக்கதோஷம், அவரும் கழற்றிவிட்டார்.

அதன் பிறகு வங்கி அம்மா வந்தார். கெட்டியான பூட்ஸ், தலையில் ஹெல்மெட். ஷூ கம்பெனிக்குள் ஒருவர் காலிலும் ஷூ இல்லை. கீழே ஊசியும் வெட்டுக்கத்தியும் கிடக்கிற இடம். மானேஜர் சாக்ஸோடு நின்று வணக்கம் சொன்னார். சாக்ஸில் பெருவிரல் தெரிந்தது.

அந்த அம்மா போட்டோ எடுத்துக்கொண்டார்.

"யார் கழற்றச் சொன்னது?" என்று மொழிபெயர்ப்பாளர் கேட்டபோது அக்காவே கையைத் தூக்கினாளாம். ஏன் தூக்குன? ஏன்க்கா? யாரும் உன்ன காட்டிக் குடுக்கலியே!

28.10.2023, சனி

தவணை நிறுத்தி வைக்கப்பட்டது. அக்காவை, சொல்லி அனுப்பும்வரை வரவேண்டாம் என்றார்கள். அம்மா மாமாவுக்குப் போன் பண்ணினாள். அக்கா பக்கத்தில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். அதனால் அழுதாளா என்று சொல்ல முடியவில்லை.

7.11.2023, செவ்வாய்

கருத்தரங்கம். முதலீட்டுக்கும் கடனுக்கும் உள்ள வேறுபாட்டைச் சொன்னேன். முதல் போட்டவர் லாபம் வரும் என்று காத்திருப்பார். கடன் கொடுத்தவர் நடுவில் வந்து எட்டிப் பார்ப்பார், தொழிலாளி காலில் ஷூ இருக்கிறதா என்பது வரை.

"வங்கி எதுக்கு டீச்சர் ஷூவெல்லாம் பாக்குது?" என்று கடைசி பெஞ்சிலிருந்து பூமாலை கேட்டாள். என்னைக் கேட்காமல் டீச்சரைக் கேட்டாள். டீச்சர் என்னைப் பார்த்தார்.

"யாருக்காவது கால் போனால் வங்கியின் பெயரும் போகும்" என்றேன்.

பத்துக்கு ஒன்பது. மற்றபடி வீட்டில் ஜவுளி எடுப்பது பற்றிப் பேச்சு.

29.11.2023, புதன்

கம்பெனி ஜீப் எங்கள் தெருவுக்குள் வந்தது. நாய்கள் எல்லாம் கூட வந்தன.

விஷயம் இதுதான். ஷூ போட்டே ஆகவேண்டும் என்று கம்பெனி உத்தரவு போட்டது. பெண்கள் வாசலில் போட்டுக்கொண்டார்கள்; மெஷின் முன்னால் உட்கார்ந்ததும் மேஜைக்கடியில் கழற்றிவிட்டார்கள். பொட்டு வைத்த மெஷின். அபராதம் என்று மிரட்டியும் நடக்கவில்லை. வங்கி மறுபடி வருகிறது. அப்போதுதான் மானேஜருக்கு, ஒரே காலையில் இத்தனை பேரைக் கழற்ற வைத்த பெண் எங்கே என்று தோன்றியிருக்கிறது.

அக்கா போனாள். மானேஜரிடம் அவள் சொன்னது: "தெருவ மிதிச்ச ஷூவ போட்டுக்கினு யாரும் உள்ள ஒக்கார மாட்டாங்க சார். புது ஷூ குடுங்க. அது வெளியவே வரக்கூடாது. வாசல்லயே அலமாரி போட்டு வெச்சிடுங்க. வரும்போது மாட்டிக்கணும், போவும்போது கழட்டிடணும். தெருவ மிதிக்காததுல தீட்டு இல்ல."

மொழிபெயர்ப்பாளர் பாதி சொல்வதற்குள் மானேஜர் தலையாட்டிவிட்டாராம்.

11.12.2023, திங்கள்

எல்லோரும் மாட்டிக்கொள்கிறார்கள். மேஜைக்கடியில் யாரும் கழற்றுவதில்லை.

8.1.2024, திங்கள்

வங்கி அம்மா மறுபடி வந்து பார்த்துவிட்டுப் போய், தவணையை விடுவித்துவிட்டார். அக்காவுக்கு வேலை உறுதி, பாதுகாப்புப் பிரிவு. வாசலில் நின்று எல்லோர் காலையும் பார்ப்பது வேலை.

மார்கழி முடிய இன்னும் ஒரு வாரம் இருக்கிறது. அம்மா காலண்டரை இரண்டு தடவை பார்த்தாள். பிறகு மாமாவுக்குப் போன் பண்ணினாள். "சொன்னா சொன்னதுதான்டா தம்பி" என்றாள். அந்தப் பக்கம் டிராக்டர் சத்தம் மட்டும் கேட்டது.

27.1.2024, சனி

மாமா நேரில் வந்து பத்திரிகை வைத்தார். பெண் எலவனாசூர்கோட்டை. வரும் வியாழக்கிழமை முகூர்த்தம். அக்கா தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

"பொண்ணு இன்னா மாமா படிச்சிருக்குது?"

"நர்சிங்கு. வேலைக்குப் போவுதாம், கண்ணாலத்துக்கு அப்பறமும்" என்று சொல்லிவிட்டு மாமா கூரையைப் பார்த்தார்.

அக்கா சிரிக்கவில்லை. பத்திரிகையைப் படித்தாள். "வியாழக்கிழமை எனக்குக் காலை ஷிப்ட்டு."

"லீவு கேளேன்டி" என்றாள் அம்மா.

"வாசல்ல நான் இல்லன்னா முடியாதும்மா."

மாமா போன பிறகு அம்மா கல்யாணத்துக்கு எந்தப் புடவை என்று எடுத்து வைத்தாள். அங்கே எல்லோரும் பெரியவள் எங்கே என்று கேட்பார்களே என்றேன்.

"பெரியவளுக்குக் கம்பெனில லீவு இல்ல, அவ இல்லன்னா வேல ஓடாது" என்றாள் அம்மா. எனக்குச் சொல்லவில்லை, சொல்லிப் பார்த்தாள். கொஞ்சம் பொறுத்து இன்னொரு தடவை சொல்லிப் பார்த்தாள். இந்தத் தடவை பக்கத்து வீட்டுக்கும் கேட்டிருக்கும்.