எது கடித்தது?

அன்புள்ள அம்மாவுக்கு,

உன் மகள் வணக்கத்தோடு எழுதுகிறேன். முழங்கால் வலி குறைந்ததா? அப்பா இருமல் மருந்தை ஒழுங்காகக் குடிக்கிறாரா? நான் நன்றாகத்தான் இருக்கிறேன்.

கையில் சின்னக் காயம். பயப்படாதே, ஊசி போட்டாயிற்று. இடது கைதான், சோறு உண்ணும் கை தப்பியது. நாய்ப் பண்ணையில் சாப்பாட்டுத் தட்டுக்காக இரண்டு வேட்டை நாய்கள் அடித்துக்கொண்டன. விலக்கிவிட நடுவில் கையை நீட்டிவிட்டேன். இரண்டும் ஒரே ஈற்றுக் கருப்பு நாய்கள். கடித்தது மிளகு. நான் பெயர் வைத்து, புட்டிப்பால் கொடுத்து வளர்த்து, முயல் தடம் பிடிக்கப் பழக்கினேனே, அதுதான். சண்டை வேகத்தில் என் கை என்று அதற்குத் தெரியவில்லை.

மனிதரைக் கடித்த நாயை இங்கே வைத்துக்கொள்ள மாட்டார்கள். முதலாளி துப்பாக்கியோடு வந்து, "எதும்மா கடிச்சுது?" என்றார். நான் கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டேன்.

"ஊமைக்கோட்டான் மாதிரி நிக்காதே. நீ சொல்லலேன்னா ரெண்டையும் சுடணும்."

"மிளகு" என்றேன்.

நான் கூப்பிடுகிறேன் என்று நினைத்து, அது வாலை ஆட்டிக்கொண்டு என் காலடியில் வந்து நின்றது.

முதலாளி கெட்டவரில்லை, அம்மா. அன்று அவரும் சாப்பிடவில்லை.

முழுக்கைச் சட்டை ஒன்று அனுப்பு. எல்லோரும் காயத்தைப் பார்த்துக் கேட்கிறார்கள். அப்பாவிடம் கம்பி கிழித்தது என்று சொல்லிவிடு.

நாய்கள் குரைக்கின்றன, தட்டு வைக்கப் போக வேண்டும். புதுக்குட்டி ஒன்றை என்னிடம் கொடுத்துப் பெயர் வைக்கச் சொல்கிறார் முதலாளி. நீயே ஒரு பெயர் எழுதி அனுப்பு, அம்மா. நான் வைக்க மாட்டேன்.

உன் மகள்